ரேடாருக்கு நம்பர் போட்ட ஐயாவு

ஹெதர்லி தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை ஐயாவுக்கு. புகைக்கூடத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு ஷீட்டையும் இரண்டு கைகளாலும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். குமிழி இல்லை, தூசி இல்லை, நிறம் தேன் மாதிரி ஒரே சீராக இருக்கிறது என்றால் நம்பர் ஒன்று. இரண்டொரு குமிழி கண்டால் நம்பர் இரண்டு. அப்படியே இறங்கி ஐந்து வரை போகும், அதற்கும் கீழே என்றால் வெட்டுத்துண்டு. அவன் போட்ட நம்பர் தவறென்று கொழும்பிலிருந்து ஒரு ஷீட்கூடத் திரும்பி வந்ததில்லை.

நான் முத்துவீரன், அதே தோட்டத்துத் தப்பால்காரன். தினமும் தெஹியோவிட்ட தபால் கந்தோருக்கு இறங்கிப் போய், தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதங்களையும் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்களின் கடிதங்களையும் தோல்பையில் போட்டுக்கொண்டு மலையேறி வருவது என் தொழில். மனு எழுதிக் கொடுப்பவன் என்பதால் இன்னொரு பெயரும் எனக்கு உண்டு, பெட்டிசம் முத்துவீரன். எங்கள் பக்கத்தில் கூரை ஒழுகினாலும் பெட்டிசம், பிறப்புப் பத்திரம் இல்லையென்றாலும் பெட்டிசம், பொலிஸ்காரன் அடித்தாலும் பெட்டிசம். சிங்களத்தில் எழுதினால்தான் கந்தோர்களில் காது கொடுப்பார்கள். நான் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் சிங்களத்தைப் பார்த்துக் கிராம சேவகரே வாயடைத்துப் போயிருக்கிறார். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பீற்றல் என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுத்தார்கள். பழைய துரை அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த மனிதருக்குப் போர்க்கப்பல் பைத்தியம். இருபது வருஷமாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கடற்படைச் சஞ்சிகைகளை, அத்தனையும் என் முதுகில் ஏறி வந்தவை, மூன்று பெட்டிகளில் போட்டு, புகைக்கூடத்து அடுப்புப் பற்றவைக்க உதவும் என்று ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்.

ஐயாவு முதல் புத்தகத்தைக் கிழிக்கப் போனவன் ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டான். சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு என் லயத்துக்கு வந்தான். ஒரு சாம்பல் நிறக் கப்பல், அதன் உச்சியில் கம்பிச் சட்டம் ஒன்று.

"இது என்ன மச்சான், கப்பல் தலையில கட்டில ஏத்தி வச்சிருக்கான்?" என்று கேட்டான்.

எனக்கு இங்கிலீஷ் விலாசம் வாசிக்கிற அளவுக்குத்தான் வரும். தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த சம்பள வாரத்தில் இருவரும் அவிசாவளைக்குப் பஸ் ஏறி ஒரு அகராதி வாங்கி வந்தோம். ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க ஒரு மாதம் பிடித்தது. அந்தக் கட்டில் ஒரு ரேடார் என்றும், அது சுற்றிச் சுற்றி அலையை வீசி, திரும்பி வருகிற அலையை வைத்து ஆகாயத்தில் எது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கும் என்றும் விளங்கியபோது ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு பகல் எல்லாம் அதற்குத்தான். இரண்டு வருஷத்தில் என்னைவிட அவன் நன்றாக வாசிக்கத் தொடங்கினான். எனக்கு உள்ளூர எரிச்சல்தான், ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். அவன் மனைவி அழகம்மா ரப்பர் பால்வெட்டு முடித்து, வாளி கழுவி, எங்களுக்குச் சாயத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "வெள்ளக்காரன் கப்பலுக்குக் காவல் இருக்கிற ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பாள். என்னை அண்ணே என்பாள். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு அந்தக் குரல் பிடிக்கும்.

ஐயாவு கணக்கு எழுதுகிற பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டான். முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவதில் கண் எவ்வளவு தூரம் பார்க்கும். மூன்றாவதில் கை எவ்வளவு தூரம் எட்டும். நான்காவதில் குற்றம். கடைசிக் கட்டத்தில் அவன் போடும் நம்பர். ரேடார் கண், ஏவுகணை கை. கண்ணையும் கையையும் தனித்தனியாகப் பார்த்து நம்பர் போடக்கூடாது, இரண்டும் ஒரே உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்றுதான் பார்க்கவேண்டும் என்பது அவன் கட்சி.

இங்கிலீஷ்காரனின் ஸீ டார்ட் என்ற ஏவுகணைக்கு மூன்றாம் நம்பர் போட்டான். தூரத்தில், உயரத்தில் வருகிற விமானத்தை அது நன்றாக அடிக்கும். ஆனால் தண்ணீரோடு தண்ணீராகத் தாழப் பறந்து வந்தால், கடலலையிலிருந்து திரும்புகிற சலசலப்பில் பழைய ரேடாருக்குக் கண் கலங்கிவிடும். எண்பத்திரண்டில் தெற்கு அத்திலாந்திக்குச் சண்டையில் ஷெபீல்ட் என்ற கப்பலுக்கு அப்படித்தான் ஆனது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் கரையோடு பேசிக்கொண்டிருந்ததால், எச்சரிக்கைக் கருவிக்கும் காது அடைத்துப்போனதாம். கிட்டத்தில் வருவதை அடிக்கிற ஸீ வுல்ப் என்பதற்கு இரண்டாம் நம்பர். படுவேகம், ஆள் கை வைக்காமலே சுடும், பீரங்கிக் குண்டையே பறக்கும்போது அடித்ததாம். ஆனால் இரண்டு விமானம் ஒட்டிக்கொண்டு வந்தால் எதைப் பிடிப்பது என்று அதற்குக் குழப்பம் வந்துவிடும். நீள்கை ஒரு கப்பலிலும் குறுங்கை ஒரு கப்பலிலுமாக ஜோடி சேர்த்து அனுப்பினார்கள் என்று வாசித்தபோது, "தேயிலைக் கொழுந்துக்காரியையும் ரப்பர் பால்வெட்டுக்காரியையும் ஒரே மலைக்கு அனுப்புற மாதிரி" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அமெரிக்காக்காரனின் ஏஜிஸ் முறைதான் அவனுக்கு உயிர். சுற்றுகிற கட்டில் இல்லை. கப்பலின் நாலு பக்கமும் பதித்த நாலு தட்டைப் பலகை, நாலு திசையையும் கண் இமைக்காமல் பார்க்கும். நூறு இலக்குகளை ஒரே நேரத்தில் பின்தொடரும். ஒன்றாம் நம்பர் போட்டுச் சிவப்பு மையால் வட்டமும் இட்டான்.

அப்புறம் ஒரு ஞாயிறு, எண்பத்தெட்டாம் வருஷத்து இதழ் ஒன்று கையில் கிடைத்தது. அதே முறை பூட்டிய கப்பல் வளைகுடாவில் ஒரு பயணிகள் விமானத்தைச் சுட்டு விழுத்தியிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு பேர். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது என்று கருவி சரியாகத்தான் காட்டியது. பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள்தான் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஐயாவு அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை என்று அழகம்மா சொன்னாள்.

கருவி மேல் என்ன குற்றம், நம்பரை அப்படியே விடு என்றேன் நான். அவன் கேட்கவில்லை. நல்ல ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுத்துண்டில் போட்டால் குற்றம் ஷீட்டிலா, வெளிச்சத்திலா, பிடித்தவனிலா என்று வாரக்கணக்கில் என்னோடு மல்லுக்கட்டினான். கடைசியில் அந்த ஒன்றை அழித்துவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டான். கொப்பியில் காலியாகக் கிடந்த ஒரே கட்டம் அதுதான்.

இதெல்லாம் நடக்கும்போது நாட்டில் சண்டை முற்றிக்கொண்டு வந்தது. தொண்ணூற்றைந்தில் வடக்கே இயக்கக்காரர்கள் விமானங்களை ஏவுகணையால் விழுத்தினார்கள். அடுத்த வருஷம் கொழும்பில் வங்கிக்குக் குண்டு வைத்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்த எங்கள் தோட்டத்துப் பையன்களைப் பொலிஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கொப்பியைக் கட்டி வை என்று நானும் சொன்னேன். தான் எழுதுவது வெள்ளைக்காரன் கப்பலைப் பற்றி, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னைத்தான் கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

தொண்ணூற்றேழு மார்ச்சில், வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ண விஜயமாகக் கொழும்புக்கு வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை அவனுக்குக் கொண்டுபோய்க் காட்டியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் புறப்பட்டுப் போனான். அடையாள அட்டை கிடையாது, தோட்டக் கந்தோர் கொடுத்த கடிதம் மட்டும்தான். காலி முகத்திடலில் நின்று, தூரத்தில் தெரிந்த கப்பலின் உச்சியைப் பார்த்துக் கொப்பியில் படம் வரைந்திருக்கிறான். நாற்பது வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தவன் கடலைப் பார்க்காமல் ரேடாரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், மடையன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் நானும் அழகம்மாவும் கொழும்புக்கு ஓடினோம். பொலிஸ் நிலையத்தில் வயசான அதிகாரி ஒருவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இது ஏதோ மூளை சரியில்லாதவன் கிறுக்கிய மாதிரித் தெரிகிறது என்று சிங்களத்தில் சொன்னார். படிப்பறிவில்லாதவன், படத்தைப் பார்த்து வரைகிறவன் என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் விட்டுவிடலாம் என்றார். கதவைப் பாதி திறந்துதான் வைத்தார் அந்த மனிதர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஐயாவு மூளை சரியில்லாதவனா? தோட்டத்துத் தமிழன் என்றால் இவர்களுக்கு மண்வெட்டிக்கு மேல் ஒன்றும் தெரியாதா? பஸ்ஸில் வரும்போதே வசனங்களை மனசுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அழகம்மா அன்று மாலை என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னே எழுதிருங்களேன்."

உன் புருஷனைப் பைத்தியம் என்று எழுத என் கை வராது, போய் வேலையைப் பார் என்று சீறினேன். அவள் போய்விட்டாள்.

பெட்டிசம் என்றால் ஆளின் அருமை பெருமைகளை முதலில் அடுக்கவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். நாலு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சிங்களம் எழுதியதில்லை. மேற்படி ஐயாவு என்பவரைக் கல்வியற்றவர் என்று கருதலாகாது. உலகத்துப் போர்க்கப்பல்களின் ரேடார்களையும் ஏவுகணைகளையும் ஐந்து வருடங்களாகத் தாமே கற்று ஒப்பிட்டவர். எந்த ரேடாருக்கு எந்தத் திசையில் கண் மங்கும், எவ்வளவு தாழப் பறந்தால் எந்த ஏவுகணைக்கு அகப்படாமல் தப்பலாம் என்பதையும் அறிந்த அரிய மனிதர். கடற்படை அதிகாரிகளுக்கே பாடம் சொல்லக்கூடியவர். இப்படிப் போகிறது. கோயிலடியில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நூற்றெண்பது பேர் கையெழுத்தும் பெருவிரலும் வைத்தார்கள். கம்பெனியின் புதுத் துரை மட்டும் வைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை அந்த வயசான அதிகாரி இல்லை. வேறொரு பிரிவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். நாலு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உட்காரச் சொன்னார், என் சிங்களத்தைப் பாராட்டினார், தேநீர் வரவழைத்தார். ருசித்துக் குடித்தேன். ஐயாவை அன்று பிற்பகலே தடுப்புக்காவல் உத்தரவில் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு ஒரு வருஷம் விளங்கவில்லை. பிறகு, இரக்கப்பட்டு அவன் விஷயத்தைக் கையில் எடுத்த வக்கீல் ஒருவர் கோப்பைத் திறந்து காட்டினார். கொப்பி இரண்டாவது சான்று. முதலாவது என் பெட்டிசம். கண் மங்கும், தாழப் பறந்தால் என்ற வரிகளின் கீழே சிவப்புக் கோடு. கொப்பியை மட்டும் வைத்து இத்தனை நாள் பிடித்து வைத்திருக்க முடியாது, நூற்றெண்பது சாட்சிகளோடு நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் வக்கீல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அழகம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். நானும் சொல்லவில்லை.

மாதம் ஒரு தடவை அவளைச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கடலோரமாக ஒரு ஊர், மூன்று பஸ் மாறவேண்டும். வழியில் ஆறு இடத்தில் இறக்கிச் சோதிப்பார்கள். என் சிங்களத்தால் ஒவ்வொரு இடத்தையும் தாண்டுவோம். அவளுக்கு அந்த மொழி அரைகுறை, காக்கியைக் கண்டால் அந்த அரைகுறையும் போய்விடும். ரொட்டியும் கட்டாச் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஐயாவு, இந்தப் பக்கம் அவள். நான் தள்ளி நிற்பேன். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கக் கிட்டப் போகமாட்டேன். கோப்பைப் பார்த்த பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. நாலு வருஷம் இப்படிப் போனது.

இரண்டாயிரத்தொன்றில் அழகம்மாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்துப்போனாள். ஐயாவைச் சாவுக்கு விடவில்லை. கொள்ளி நான் வைத்தேன். மறு வருஷம் சண்டை நிறுத்தம் வந்தது, மே மாதம் அவனை வெளியே விட்டார்கள். வழக்கே போடவில்லை. ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டு, போகலாம் என்றார்களாம்.

வந்தவனுக்கு விரல்கள் நிமிரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஷீட்டை விரித்துப் பிடிக்க முடியாததால் ரப்பர் நாற்றுமேடையில் களை பிடுங்கப் போட்டார்கள். அழகம்மாவின் பால்வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தான். சஞ்சிகைகளைப் பொலிஸ் எடுத்துப் போயிருந்தது. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னோடு பழையபடிதான் பழகினான். எனக்குத்தான் அவனோடு உட்கார்ந்தால் சோறு இறங்காது. இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஏழு வருஷம் ஓடிப்போனது.

இந்த மே மாதம் சண்டை முடிந்தது. தெஹியோவிட்ட கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள், பஸ் நிலையத்தில் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் ஐயாவும் கிளினிக்குக்குப் போய்விட்டுத் தபால் கந்தோர்ப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. உன்னை உள்ளே வைத்தது என் பெட்டிசம்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன், தெருவில் எல்லோரும் பார்க்க.

 அவன் மடங்கிய கையை என் முழங்காலில் வைத்தான்.

"தெரியும் மச்சான். மூணாம் நாளே வாசிச்சுக் காட்டிட்டாங்க. அழகம்மா மொத தடவ பாக்க வந்தப்பவே அவகிட்டயும் சொல்லிட்டேன். அண்ணன்கிட்ட ஒண்ணும் கேட்டுறாத, நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா வெக்கத்துல உன்னக் கூட்டிக்கிட்டு வரமாட்டாரு, அப்புறம் ஒன்னால எங்கிட்ட வந்து சேர முடியாதுன்னு சொன்னேன்."

அவன் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். பஸ் வந்துவிட்டது, வா போவோம் என்றான். நான் எழவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

நாலு வருஷம் தெரிந்துகொண்டே என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தெரிந்துகொண்டே ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஐயாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அவள் சாவதற்கு முந்திய வருஷம், வழக்கில்லாமல் கிடப்பவர்களின் கோப்புகளை மறுபடி பார்க்க ஒரு குழுவைப் போட்டிருந்தார்கள். வீட்டார் மனு எழுதி அனுப்பவேண்டும். அனுப்பிய பலர் வெளியே வந்தார்கள். அழகம்மா கடையில் வாங்கிய புதுத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் லயத்துக்கு வந்தாள். வேலைக்குப் போகிற சேலை இல்லை, கோயிலுக்குக் கட்டுகிற சேலை.

"அண்ணே, நீங்களே எழுதுங்க. வேற ஆருகிட்டயும் போக எனக்கு மனசில்ல."

என் எழுத்தை அந்தக் கோப்பில் இன்னொரு தடவை பார்க்க எனக்குப் பயம். கை வலிக்கிறது, கடைத்தெருவில் யாரிடமாவது எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.  என் கையைப் பார்த்தாள். தைலம் போடுங்கண்ணே என்று சொல்லிவிட்டு, தாளைச் சுருட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வேறு யாரிடமும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.